உப்புத்தரையா, மணல்மேடா

போன வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போயிருந்தேன். மிக்ஸி ஜாருக்கு ஒரு பழைய மூடி கிடைக்குமா என்று பார்க்கத்தான். கிடைக்கவில்லை. அங்கே எதைத் தேடிப் போகிறோமோ அது கிடைக்காது, தேடாத சாமானெல்லாம் கிடைக்கும். திரும்பி வரும் வழியில் ஒருவர் தார்ப்பாய் விரித்து அந்துருண்டையைக் குவித்து வைத்திருந்தார். நான் நின்றதைப் பார்த்துவிட்டு, "இன்னாமா, பீரோவுக்கா? ரெண்டா எட்துக்கோ, பூச்சி அண்டாது" என்றார்.

உங்களுக்கு அந்துருண்டை வாசனை வந்தால் அம்மாவின் பட்டுப்புடவை ஞாபகம் வரும். எனக்குச் செத்த வண்டுகள்தான் ஞாபகம் வரும். வாங்காமல் வந்துவிட்டேன். ஆனால் வாசனை குரோம்பேட்டை வரைக்கும் பஸ்ஸில் கூடவே வந்தது.

இன்ஷூரன்ஸ் ஆபீசில் சேருவதற்கு முன்னால் நான் மூன்று வருடம் தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் ஆராய்ச்சி உதவியாளராக இருந்தேன். இதைச் சொன்னால் என் மகளே நம்புவதில்லை. கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிறவள் நான். செத்த பூச்சிதான் எனக்கு ஆகும். ஸ்பிரிட்டில் கிடக்கும் வண்டை எடுத்து, காயவைத்து, சின்ன அட்டைத் துண்டில் கோந்து தொட்டு ஒட்டி, காலை ஊசியால் இழுத்து நேராக்கி, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் படம் வரைவது என் வேலை. பூச்சி மாதிரிகள் அரித்துப் போகாமலிருக்க மரப்பெட்டிக்கு மூலைக்கு ஒன்றாக அந்துருண்டை வைப்போம். மாலையில் வீட்டுக்குப் போனால் அம்மா, "பீரோ வந்துடுச்சு" என்பாள்.

என்னோடு அதே வேலையில் சேர்ந்தவள் கிளாடிஸ். அவள் அப்பா ரயில்வேயில் இருந்தார், வீடு மேற்குத் தாம்பரத்தில். கிளாடிஸுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை ஆகாது. எனக்கு வெயில் ஆகாது. அதனால் ராஜஸ்தான் பாலைவனத்தில் தரைவண்டுகளைச் சேகரிக்க ஒரு திட்டம் வந்தபோது யார் போவது என்ற பேச்சே எழவில்லை. எங்கள் வீட்டிலும் விடமாட்டார்கள். வரன் பார்க்கிற நேரத்தில் பாலைவனமா, கறுத்துப் போய் வந்து நிற்பாயா என்பது அம்மாவின் வாதம். கிளாடிஸின் அப்பாவோ சூடு தாங்கும் தண்ணீர் பாட்டில் ஒன்றை வாங்கிக் கொடுத்து, எக்மோரிலேயே ஜெபம் பண்ணி அனுப்பி வைத்தார்.

வண்டு பிடிக்கிற விதம் ரொம்ப எளிது. பிளாஸ்டிக் கப்பைத் தரை மட்டத்துக்குப் புதைத்துவிட்டு வரவேண்டும். தரையில் ஓடுகிற வண்டு தானாக விழும். காலையில் போய் எடுத்து, ஸ்பிரிட் குப்பியில் போட்டு, இடமும் தேதியும் எழுதிய சீட்டையும் அதற்குள்ளேயே போட வேண்டும். பேனா மை கரையும் என்பதால் பென்சிலில்தான் எழுத வேண்டும். கிளாடிஸ் எல்லாவற்றையும் பென்சிலில்தான் எழுதியிருந்தாள். இதை நான் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அவள் பக்கம் ஒரு பிசகும் இல்லை.

அவள் போன இடங்கள் இரண்டு. ஒன்று மணல்மேட்டை ஒட்டிய ஊர். இன்னொன்று, அங்கிருந்து ஒரு நாள் பயண தூரத்தில், வற்றிப்போன ஏரியின் கரை. உப்புப் பொருக்கு தட்டி வெள்ளையாகக் கிடக்கும் நிலம். ஊர்ப் பெயர்களை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் போனை எடுத்து அந்தக் கட்டுரையைத் தேடிப் பிடித்துவிடுவீர்கள். அதில் என் பெயரும் இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து உதடெல்லாம் வெடித்து, சந்தோஷமாக வந்து சேர்ந்தாள். குப்பிப் பெட்டியை என் மேஜையில் வைத்தாள். மறுநாளே காய்ச்சலில் படுத்துவிட்டாள். நான் ஒவ்வொரு குப்பியாகத் திறந்து புது ஸ்பிரிட்டுக்கு மாற்ற ஆரம்பித்தேன். வெளியே ஐப்பசி மழை. மின்சாரம் வேறு போயிருந்தது. ஜன்னலோரம் இரண்டு கண்ணாடித் தட்டுகளில் இரண்டு குப்பிகளைக் கொட்டினேன். சீட்டு இரண்டும் ஊறி, கிழிகிற மாதிரி இருந்தன. காய்ந்ததும் புதிதாக எழுதிக்கொள்ளலாம் என்று எடுத்து, அந்தந்தத் தட்டுக்குப் பக்கத்தில் ஒற்றுத்தாள் மேல் வைத்தேன். சீட்டு வண்டை விட்டுப் பிரியவே கூடாது என்பதுதான் எங்களுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுத்த பாடம். டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது மின்சாரம் வந்திருந்தது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. காய்ந்து போயிருந்த சீட்டுகள் தரையில் கிடந்தன.

ஒன்றில் மணல்மேட்டு ஊர். இன்னொன்றில் உப்புத்தரை. எது எந்தத் தட்டு?

எவ்வளவு நேரம் அப்படியே குனிந்து நின்றேன் என்று தெரியாது. கிளாடிஸ் வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கலாம். ஒரு பஸ் தூரம்தான். ஆனால் அதற்கு முந்தின மாதம்தான் ஒரு கண்ணாடி ஸ்லைடை உடைத்துப் பேராசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். அதனால் இடது பக்கம் வைத்தது இதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, தட்டுக்கு ஒரு சீட்டாகப் போட்டுவிட்டேன்.

ஒரு தட்டில் இருந்தவை சாதாரண வண்டுகள். இன்னொன்றில் மூன்று வண்டுகள், ஒரு ஆண், இரண்டு பெண். கட்டைவிரல் நகம் அளவு, கறுப்பு, நீளமான வெளிறிய கால்கள். முதுகு ஓட்டில் வரிசையாகக் குழிகள். இருந்த புத்தகத்தையெல்லாம் புரட்டியும் அவற்றுக்குப் பெயர் இல்லை. பேராசிரியர் வந்து கண்ணை வைத்துப் பார்த்தார். பக்கத்திலிருந்த சீட்டையும் பார்த்தார். மணல்மேட்டிலா, என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன். பொய் பொய்யென்று தெரியாத மாதிரிதான் வாயிலிருந்து வருகிறது.

அந்த மூன்று வண்டுகளைப் பற்றிக் கட்டுரை எழுதிய நான்கு மாதம் என் வாழ்க்கையில் நல்ல மாதங்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு உயிரை முதன்முதலாகச் சொல்லில் எழுதுவது எப்படியென்று சொல்லத் தெரியவில்லை. மார்பு இதய வடிவம். ஓரத்தில் இந்தப் பக்கம் இரண்டு முடி, அந்தப் பக்கம் இரண்டு முடி. ஆணின் உறுப்பைத் தனியே எடுத்து, காரக் கரைசலில் காய்ச்சித் தெளியவைத்து, அதன் வளைவை வரைய ஒன்பது நாள் ஆயிற்று. வாழிடம் என்ற தலைப்பின் கீழ், கொதிக்கும் மணல்மேடு என்று நான் எழுதியபோது காலடியில் குடை சொட்டிக்கொண்டிருந்தது. பாலைவனத்தை நான் காலண்டரில்தான் பார்த்திருந்தேன். வண்டுக்கு மணல்மேட்டு ஊரின் பெயரையே வைத்தோம். ஆண் வண்டுக்குச் சிவப்புச் சீட்டு குத்தினோம். உலகத்தில் அந்த இனத்துக்கு இனி அந்த ஓர் உடல்தான் அத்தாட்சி.

கட்டுரையைப் படித்த கிளாடிஸ் ஒருமுறை தயங்கினாள். "இத நான் உப்புலதானடி எடுத்தேன்? என் காலெல்லாம் உப்பு ஒட்டி வெள்ளையா இருந்த ஞாபகம்" என்றாள்.

"சீட்டுல மணல்மேடுன்னு இருக்கே" என்றேன்.

அவள் குறிப்பேட்டைப் புரட்டினாள். இரண்டு இடத்துக்கும் நேராகத் தரைவண்டு என்று மட்டும்தான் எழுதியிருந்தாள். சீட்டுக்கு முன்னால் ஞாபகம் நிற்காது என்பது எங்கள் தொழில் தர்மம். சரி, வெயில்ல எனக்குத்தான் குழம்பிடுச்சு போல, என்று சொல்லிவிட்டாள்.

கட்டுரை அச்சானது. மறுவருடம் வெளிநாட்டு நிபுணர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. மரியாதையான கடிதம். இப்படிப்பட்ட கால் உள்ள வண்டுகள் உப்பு நிலத்தில்தான் வழக்கமாக வாழும், சேகரித்த இடம் நிச்சயம்தானா என்று கேட்டிருந்தார். பேராசிரியர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கேள்வியைக் கிளாடிஸிடம் மட்டும் கேட்டார். களத்தில் கவனமாக இருந்தாயா? குப்பி மாற்றிப் போட்டிருப்பாயா? அவள் முகம் சிவந்து போய், இல்ல சார், இல்ல சார், என்று இரண்டு தரம் சொன்னாள். மூன்றாம் தரம் தெரியல சார் என்றாள். நான் பக்கத்தில் நின்று மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த ரயில்வே அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன். செங்கல்பட்டு வண்டி எட்டு நாற்பதுக்கு.

அந்த வண்டை உயிரோடு பிடித்துக் காட்டுகிறேன் என்று கிளாடிஸ் அதையே தன் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டாள். மூன்று தடவை மணல்மேட்டுக்குப் போனாள். கப் கப்பாகப் புதைத்தாள். ஒன்றும் விழவில்லை. மூன்றாம் தடவை திரும்பியவள் துறைக்கு வரவே இல்லை. அனகாபுத்தூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் ஆசிரியையாகச் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அதற்குள் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, இன்ஷூரன்ஸ் வேலையும் கிடைத்திருந்தது. இந்த விஷயம் தானாகக் கரைந்துவிடும் என்று நினைத்தேன். பென்சில் எழுத்து கரையாது.

அதன் பிறகு இருபத்தைந்து வருடம் கிறிஸ்துமஸ் கேக்கும் தீபாவளி முறுக்குமாக உறவு ஓடியது. வண்டைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை. மகளின் கல்யாணப் பத்திரிகை கொடுக்கக் குன்றத்தூர் ரோட்டில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனேன். காபி போடுகிறேன் என்று எழுந்தவளோடு சமையலறைக்குப் போனேன். அலமாரி முழுக்க டப்பாக்கள். ஒவ்வொன்றின் மேலும் சின்ன வெள்ளைச் சீட்டு. சீரகம், வாங்கிய தேதி, வாங்கிய கடை. கடுகு, தேதி, கடை. உப்பு டப்பாவிலும். எல்லாம் பென்சிலில். திறந்து பார்த்தேன். உள்ளேயும் அதே சீட்டு இன்னொன்று இருந்தது.

"எதுக்குடி உள்ளயும்?"

"நான் மாத்தி வெச்சிடுவேன். என்னைய நம்ப முடியாது" என்றாள், பாலைப் பார்த்தபடி, சாதாரணமாக.

அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மழை, ஃபேன், இரண்டு தட்டு. அவள் அடுப்பை அணைத்தாள்.

"இது உனக்கு எப்பலேந்து தெரியும்?"

"அன்னிக்கே தெரியும்."

"அந்த லெட்டர் வந்தப்போ?"

அப்போதும் தெரியும் என்று தலையை ஆட்டினேன்.

"எங்கப்பா சாகறதுக்கு முன்னாடி, நீ வேணும்னு செஞ்சிருக்க மாட்டம்மா, தப்பு யாருக்கும் வரும்னாரு. ஆமாப்பான்னேன்." காபியை டம்ளரில் ஊற்றி என் கையில் கொடுத்தாள். "குடிச்சிட்டுக் கிளம்பு."

கல்யாணத்துக்கு அவள் வரவில்லை. ஒரு மாதம் கழித்து அவளிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அந்தக் கட்டுரைக்குத் திருத்தக் குறிப்பு ஒன்றை அவளே எழுதி இணைத்திருந்தாள். தவறு யாருடையது என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள். நான் என் பெயரை எழுதி, கட்டுரை வந்த ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பினேன். அரைப் பக்கத்தில் வெளியிட்டார்கள். ஆனால் வண்டின் பெயர் மாறாது. ஒருமுறை வைத்துவிட்டால், பொய்யான ஊராக இருந்தாலும் அதுதான் பெயர், விதி அப்படி. உப்புத்தரையில் அது இப்போதும் இருக்கிறதா என்று யாராவது பார்த்துச் சொன்னால் நல்லது என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டிருந்தார்.

போன மார்கழியில் லீவு போட்டுவிட்டு நானே போனேன். ஐம்பது தாண்டியவள், தனியாக, பை நிறைய பிளாஸ்டிக் கப்போடு. வெள்ளையாகக் கிடந்ததாக அவள் சொன்ன ஏரிக்கரையில் கண்ணுக்கெட்டிய தூரம் சோலார் பலகைகள். கம்பிவேலிக்கு வெளியே இருபது கப் புதைத்தேன். மூன்று நாளும் காலையில் போய்ப் பார்த்தேன். எறும்பு, ஒரு சிலந்தி, எங்கேயும் கிடைக்கிற சாதா வண்டு இரண்டு.

கடைசி நாள் அங்கிருந்தே அவளுக்குப் போன் செய்தேன். எடுப்பாளென்று நினைக்கவில்லை. எடுத்தாள்.

"தரை எப்படிடி இருக்கு? உப்பு பூத்திருக்கா?"

தூசி போகப் பலகைகளைக் கழுவுகிறார்கள் என்றேன். அந்தத் தண்ணீர் இறங்கி வேலியோரமெல்லாம் புல் முளைத்திருக்கிறது.

"புல்லா?"

"ஆமா. பச்சையா."

அந்தப் பக்கம் பள்ளிக்கூட மணி அடித்தது. பிள்ளைகள் இரைச்சல். "உப்பு போயிடுச்சு. அப்ப அதுவும் இல்ல" என்றாள். "கப்பெல்லாம் எடுத்துட்டு வா. குழிய மூடிடு, ஆடு காலு மாட்டிக்கும்."

இருபது குழியையும் மூடினேன். அதற்குப் பிறகு அவள் என் போனை எடுப்பதில்லை.