தள்ளி நின்ற இருவர்

என் நாவலில் ஒருத்தி சாக வேண்டியிருந்தது. வேறு வழி எனக்குத் தெரியவில்லை. இரண்டு பெண்கள், எண்பதுகளின் மொன்றியல், பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் ஓர் அறை, தையல் தொழிற்சாலை, அகதி வழக்கு, ஒரே கட்டில். அதுவரை கை ஓடியது. அதற்குப் பிறகு அவர்கள் எப்படி இருந்திருப்பார்கள்? நாற்பதில், அறுபதில், முடி கொட்டத் தொடங்கிய பிறகு? அறியேன். அறியாத இடத்தில் எழுதுகிறவர்கள் வழக்கமாகச் செய்வதையே நானும் செய்தேன். ஒருத்தியை உறைந்துகிடந்த ஆற்றுக்கு அனுப்பினேன். அத்தியாயம் அழகாக வந்தது. வாசித்த சிநேகிதிகள் அழுதார்கள். எனக்குத்தான் அதைத் திரும்பிப் பார்க்கப் பிடிக்கவில்லை. நானும் ஒரு பெண்ணைக் காதலித்து அவளோடு வாழ்ந்தவள். ஐம்பதைத் தாண்டியும் மெட்ரோவில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறவள். என் கதையில் மட்டும் ஏன் ஒருத்திக்கும் ஐம்பது வயதாவதில்லை?

அதனால்தான் தேடப் புறப்பட்டேன். சேர்ந்து வாழ்ந்து, இன்னும் வாழ்ந்துகொண்டிருக்கிற இரண்டு தமிழ்ப் பெண்கள் கிடைத்தால் அவளை ஆற்றங்கரையிலிருந்து கூட்டிவந்துவிடலாம். கிடைக்காவிட்டால் அவள் போனவள் போனவள்தான்.

முதலில் போனது ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடிக்கு. லெஸ்பியன் பெண்களின் பழைய படங்களையும் சுவரொட்டிகளையும் ஒலிநாடாக்களையும் சில தொண்டர்கள் அங்கே சேர்த்து வைத்திருக்கிறார்கள். கதவைத் திறந்தவள் எழுபதை எட்டிய ஒரு கியூபெக்காரி. இந்த நகரமே வீடு மாறும் யூலை முதலாம் திகதியில், நடைபாதைகளில் குவிந்து கிடக்கும் குப்பைப் பைகளுக்குள் கைவிட்டுத் தேடித்தான் பாதியைக் காப்பாற்றினார்களாம். ஒரு பெண் இறந்துபோவாள். மருமக்கள் வந்து ஒரே பின்னேரத்தில் எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டுப் போவார்கள். இவர்கள் குப்பை வண்டிக்கு முந்தி ஓடுவார்கள். அப்படி ஓடிய பெண்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எழுந்து நிற்கத் தோன்றும். பந்தடிக்கும் பெண்கள், பியர் கிளாசைத் தூக்கிப் பிடித்த பெண்கள், சமையலறை மேசையில் தலைசாய்த்துத் தூங்கும் பெண்கள். ஒவ்வொரு படத்தையும் பால்குடிப் பிள்ளையைத் தருவதுபோலத் தந்தாள். படத்தில் கைகளைப் பார், என்று பழக்கினாள். யாருடைய கை யாருடைய முதுகில், எந்தத் தோள் எந்தத் தோளில்.

"எங்கள் தமிழ்ப் பெண்கள் யாராவது?" என்று கேட்டேன்.

"ஒருவரும் இல்லை. அது எங்கள் குறை," என்றாள். சமாளிக்கவில்லை, சாக்குச் சொல்லவில்லை. "நீ கொண்டு வா."

பார்க் எக்ஸில் மரக்கறி வாங்கும் கடையில் விசாரித்தேன். அந்தக் காலத்துத் திருநாள் படம், கிறிஸ்மஸ் ஒளிவிழாப் படம் எல்லாம் நகரின் வடக்கே அஹுன்ட்சிக்கில் ஓர் அக்காவிடம் இருக்கிறது என்றார்கள். ஊரில் கணக்கு ரீச்சர், இங்கே வந்து தையல் தொழிற்சாலை, இப்போது ஓய்வு. தொலைபேசியில் அவரிடம், நாவல் எழுதுகிறேன், படம் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். "ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வாரும்," என்றார்.

சின்ன உருவம். மடிகொள்ளாத அல்பம். மாதா கோயிலின் நிலக்கீழ் மண்டபத்தில் கடதாசிப் பூ, காஞ்சிபுரத்துக்கு மேல் குளிர்கோட்டு, சேலைக் கரைக்குக் கீழே பனிச் சப்பாத்து. நான் கைகளைத் தேடினேன். தேட வேண்டியே இருக்கவில்லை. இரண்டு இளம்பெண்கள், ஒரே நிறச் சேலை, விரல்களைக் கோத்துக்கொண்டு, கன்னத்தோடு கன்னம். அடுத்த பக்கத்திலும் அவர்கள். அதற்கடுத்ததிலும். நான் படத்தின் மேல் விரலை வைத்தேன்.

"அக்கா, இவை ரெண்டு பேரும் ஆர்?"

"ஏன் கேக்கிறீர்?"

"நல்ல நெருக்கம் போல கிடக்கு."

அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "உம்மட நாவல் என்னத்தைப் பற்றி?"

சொல்லிவிட்டேன். பெண்களைக் காதலித்த பெண்களைப் பற்றி, இந்த நகரத்தில், எங்களுக்குள்ளே. வாசலில் கழற்றிவிட்ட சப்பாத்து எந்தப் பக்கம் என்று மனதுக்குள் பார்த்தும் வைத்துக்கொண்டேன். ஆனால் அவர் சிரித்தார். அல்பம் மடியிலிருந்து வழுக்கும்வரை சிரித்தார்.

"ஐயோ பிள்ளை, இவளவையோ! இவளுக்கு டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில பெரிய வீடு, பேரப்பிள்ளையள். மற்றவள் புருஷன்ர காரை விட்டு இறங்கமாட்டாள்." பிறகு குசினிப் பக்கம் திரும்பினார். "இஞ்சாருங்கோ! ஒருக்கா வந்து இந்தக் கதையைக் கேளுங்கோ."

எங்கள் பக்கத்தில் மனைவி கணவனைப் பெயர் சொல்லாமல் கூப்பிடுவது அப்படித்தான். வீட்டுக்காரர் வருகிறார் என்று நான் மரியாதைக்கு எழுந்து, சால்வையை இழுத்துவிட்டு, "வணக்கம் ஐயா" என்றும் சொல்லிவிட்டேன். வந்தது நெடுநெடுவென்று ஒரு பெண். கையெல்லாம் கோதுமை மா.

"ஐயா எண்டாலும் பரவாயில்லை," என்றார். "இரும், இரும்."

எனக்குக் காது சுட்டது. பிறகுதான் அந்தக் கூப்பிடுதல் மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். நெடியவர் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு படத்தைக் குனிந்து பார்த்தார்.

"கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவளவை எல்லாரும் கலியாணம் கட்டிப் போட்டாளவை. பயமில்லாததிலதானே பிடிச்சவளவை. நாங்கள் தள்ளியெல்லோ நிண்டனாங்கள்."

பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். வரிசையின் இந்தத் தொங்கலில் ஒருவர், அந்தத் தொங்கலில் மற்றவர். ஒளிவிழா, திருநாள், யாரோ பிள்ளையின் ஞானஸ்நானம். எப்போதும் இடையில் ஒரு கோயில் சனம்.

"படம் எடுக்கிறவர் கிட்ட வாங்கோ எண்டுவார். நான் அங்கால ஓடிடுவன்."

"ஓடினதெண்டா சும்மாவோ? என்ர காலை மிதிச்சுக்கொண்டு!" என்றார் சின்னவர்.

எங்கள் பெண்கள் கைகோத்து நடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பள்ளிக்கூடத்திலும் விடுதியிலும் கோயில் வாசலிலும் அது காற்றைப்போல இலவசம். அந்தத் தொடுகை என்னவென்று தெரிந்துகொண்ட இருவருக்கு மட்டும் அது விலக்கு. ஆண்டுக்கணக்காக, ஒரு மண்டபம் நிறைந்த தலைகளுக்கு மேலால், மற்றவள் எங்கே நிற்கிறாள் என்று பார்க்காமலே அறிந்துகொண்டு நின்றிருக்கிறார்கள். அவ்வளவு தூரத்தை அவ்வளவு கவனமாக யாரும் காதலித்து நான் பார்த்ததில்லை.

எழுதலாமா என்று கேட்டேன். நெடியவரின் முகம் இறுகியது.

"எங்கட சனத்துக்கு எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கோயில், இவ்வளவும் போதும். ஆளைப் பிடிச்சிடுவினம். பேந்து நாங்கள் பூசைக்குப் போறேல்லையோ?"

"மாத்தி எழுதுவாதானே," என்றார் சின்னவர். "என்னை உயரமாக்கும் தங்கச்சி. இவவைச் சைவமாக்கி முருகனிட்ட அனுப்பும்."

"அனுப்பட்டும். எனக்கென்ன?"

"வெள்ளிக்கிழமையில மீன் இல்லாமல் இருப்பியளோ?"

நெடியவர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். "சரி, கதை எப்பிடி முடியுது?"

சொன்னேன். ஆறு, பனி, அவள் தனியே நடந்து போவது. சொல்லச் சொல்லவே என் அழகான வாக்கியங்கள் வாய்க்குள் கசந்தன.

"ஏன்?" என்றார். கோபம் உண்மையான கோபம். "அவள் என்ன செய்தவள்?"

"வேற முடிவு எனக்குத் தெரியேல்லை அக்கா."

"தெரியாட்டிக் கேட்டிருக்கலாமே."

"ஆரைக் கேக்கிறது?"

நெடியவர் கதிரையை இழுத்து, சின்னவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அடுப்பில் ஏதோ கொதித்து வழிந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

"சண்டைக்குத் தப்பி, கடலுக்குத் தப்பி, இந்தக் குளிருக்கும் தப்பி வந்தவளை நீர் ஆத்தில தள்ளுறீர்," என்றார் கடைசியில். "எழுதும். ஊரை மாத்தும், கோயிலை மாத்தும், எங்களை என்ன நிறத்திலையும் பூசும். அவளைச் சாக விடாதையும்."

"மாசி மாதத்தில ஆத்தடிக்கு ஆர் போறது, விசரே?" என்றார் சின்னவர். "அரைவழியில குளிரெண்டு திரும்பி வருவாள்."

"வந்து என்ன செய்வாள் அக்கா? நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படியொரு கேள்வியை யாரும் அவர்களிடம் கேட்டதில்லை என்பது தெரிந்தது.

"என்ன செய்தது... வேலைக்குப் போனனாங்கள். ஸ்னோ தள்ளினனாங்கள்," என்றார் நெடியவர்.

"இவ ஹீட்டரைக் கூட்டுவா, நான் குறைப்பன். அதுதான் எங்கட சண்டை. இண்டைக்கும் முடியேல்லை."

படம் எதையும் அவர்கள் தரவில்லை. வெறுங்கையோடு போய் மேல்மாடிக் கியூபெக்காரியிடம் சொன்னேன். உயிரோடு இருக்கிறார்களா, என்றாள். ஓம் என்றேன். அப்படியானால் எனக்கு அவசரமில்லை, என்றாள்.

எனக்குத்தான் அவசரம். ஆற்றங்கரை அத்தியாயத்தைக் கிழித்துவிட்டேன். அவள் அரைவழியில் திரும்பி வருகிறாள், படியில் சப்பாத்தைத் தட்டுகிறாள், ஹீட்டருக்காகச் சண்டை பிடிக்கிறாள். சாவை எழுதுவது எவ்வளவு சுலபமாக இருந்தது! ஒரு செவ்வாய்க்கிழமையை எழுத மூச்சு வாங்குகிறது. முட்டும் இடங்களில் அஹுன்ட்சிக்குக்குத் தொலைபேசி எடுக்கிறேன். முதல் முதல் வாங்கிய கட்டில் என்ன மரம், தொழிற்சாலை வேலைநிறுத்தத்தன்று யார் சமைத்தது, யாருக்கு முதலில் நரைத்தது. ரிசீவரைச் சின்னவர்தான் எடுப்பார். போன வாரம் நெடியவர் எடுத்தார். வழமையான சுகவிசாரிப்பு இல்லை.

"இப்ப என்ன வயது அவளுக்கு?"

"அம்பத்தி மூண்டு அக்கா."

அந்தப் பக்கம் கதிரையை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"நல்லது," என்றார். "சீனி வருத்தம் வாற வயது. சோத்தைக் குறைக்கச் சொல்லும்."