குழாயடிச் செய்தியை எழுதியவர்

கொட்டாஞ்சேனையில் ஒரு ஹாட்வெயார் கடை. அதற்கு மேலே இரண்டு மாடி. மாளிகாவத்தையில் சாமான் அடுக்க ஒரு ஸ்டோர். வெள்ளவத்தையில், கடல் தெரிகிற பக்கமாக, மகளுக்கு ஒரு வீடு. கோயில் மண்டபத்தின் கூரை. இவ்வளவும், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழும்புக்கு வந்து, புறக்கோட்டையில் சீமெந்து மூட்டை சுமந்த ஒருவன் கட்டியவை. கலவரத்தில் கடையை ஒருமுறை எரித்தார்கள். சாம்பலைக் கூட்டி ஒதுக்கிவிட்டு அதே இடத்தில் திரும்பக் கட்டினேன். எரிக்க வந்தவர்களில் ஒருவன் பிறகொரு நாள் ஆணி வாங்க வந்தான். கொடுத்தேன். விலை குறைக்கவில்லை.

இவற்றோடு நான் கட்டிய இன்னொன்றும் இருக்கிறது. கடையோரமாகப் போகிற சின்ன ஒழுங்கையின் முனையில் நிற்கிற பொதுக் குழாயைப் பற்றிய ஐந்து பந்திச் செய்தி அது. காலையில் கடை திறக்க முன்னர் அந்தக் குழாயில்தான் கால் கழுவுகிறேன். அதன் பித்தளைத் திருகு நானே மாற்றியது. தண்ணீர் பாதத்தில் விழும்போதெல்லாம் அந்தச் செய்தியும், எனக்கு எழுதப் பழக்கி அதை என்னிடமிருந்து பிடுங்கி எடுத்த மிஸ்ஸும் நினைவுக்கு வருவார்கள். என் கடைக்கும் ஸ்டோருக்கும் பலகையில் என் பெயர் இருக்கிறது. செய்திக்கு மட்டும் இல்லை.

நான் பல்கலைக்கழகத்துக்குப் போனதே பெயர் விடுபட்ட ஒரு கதையால்தான். கோயில் மண்டபம் திறந்தபோது பத்திரிகையில் செய்தி வந்தது. பிரதம அதிதியாக வந்தவர், விளக்கேற்றிய வைத்தியர், வாழ்த்துரை சொன்ன சட்டத்தரணி, எல்லாருடைய பெயரும் பட்டத்தோடு இருந்தது. கூரை போட்டவனைக் காணவில்லை. மண்டபம் கூரையில்லாமலா திறந்தது? இந்தச் செய்தி எழுதுகிற ஆட்கள் என்னத்தைப் படித்துவிட்டு எழுதுகிறார்கள் என்று போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம் வந்தது. சனிக்கிழமைகளில் நடக்கும் ஊடகச் சான்றிதழ் வகுப்புக்கு வயதெல்லை இல்லை என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். போய் நின்றேன். பதிவு எடுக்கிற கந்தோரில் இருந்த பிள்ளை, "ஐயா, பேரப்பிள்ளைக்கா?" என்று கேட்டாள். "எனக்கு" என்றேன். ஓ-லெவல் சோதனை பாஸ் இல்லாவிட்டால் தொழில் அனுபவமும் போதும் என்று விளம்பரத்தில் இருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினேன். அனுபவம் என்று வந்துவிட்டால் அந்தக் கட்டிடத்தில் எனக்கு முன்னால் நிற்க ஆள் இல்லை.

மிஸ்ஸுக்கு என் கடைசி மகளின் வயது இருக்கும். வாரநாளில் ஒரு பத்திரிகையில் வேலை, சனிக்கிழமையில் எங்களுக்கு வகுப்பு. வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் வருவார். பாதி நாட்கள் கையில் கடுதாசிப் பையும் அதற்குள் கடித்த ரோல்ஸும் இருக்கும். எங்களை எழுதிவரச் சொல்லி, எழுந்து நின்று உரத்து வாசிக்க வைப்பார். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அவருடைய கணக்கு இதுதான்: வாசகர் என்பவர் வெள்ளவத்தையில் பஸ் ஏறுகிற ஒருவர். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் பத்திரிகை பார்க்கிறார். பம்பலப்பிட்டி வருவதற்குள் என்ன நடந்தது, யாருக்கு நடந்தது, எங்கே, எப்போது என்பது வந்துவிட வேண்டும். ஏன், எப்படி என்பவை கொள்ளுப்பிட்டி வரைக்கும் பொறுக்கலாம். அதற்கு மேல் இழுத்தால் மிஸ் கண்ணைத் திறந்து, "நான் இறங்கிட்டன்" என்பார். அவ்வளவுதான். அந்தச் செய்தி செத்தது.

அந்த நாட்களில்தான் எங்கள் ஒழுங்கைக் குழாய் நின்றது. பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த பல மாடிக் கட்டிடம் ஒன்றுக்குத் தண்ணீர் லைன் இழுத்தவர்கள் எங்கள் லைனை மறித்துவிட்டார்கள். ஒழுங்கைக்குள் இருக்கிற வீடுகளுக்கு அந்தக் குழாயை விட்டால் வேறு தண்ணீர் இல்லை. பெண்கள் வாளியோடு கோயில் கிணற்றுக்கும் என் கடைப் பின்வளவுக்கும் நடந்தார்கள். உங்கள் இடத்தில் இருந்து ஒரு செய்தி கொண்டுவாருங்கள் என்று மிஸ் சொன்னபோது, எனக்குத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை.

எழுதுவதும் எனக்குப் புதிதில்லை. ஒழுங்கையில் யாராவது மோசம் போனால் பத்திரிகைக்குக் கொடுக்கும் மரண அறிவித்தலை எழுத என்னிடம்தான் வருவார்கள். யார் யாருக்கு மகன், எந்த மருமகள் எந்த நாட்டில், எல்லாம் எனக்கு மனப்பாடம். அதில் ஒரு பெயர் விடுபட்டால் அந்த வீட்டில் இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. இதுவரை நான் எழுதியதில் ஒரு மருமகன்கூட விடுபட்டதில்லை. ஆகவே எனக்குத் தெரிந்த முறையில் அச்சொட்டாக எழுதிக்கொண்டு போய் எழுந்து நின்று வாசித்தேன். கொட்டாஞ்சேனையைப் பிறப்பிடமாகவும் எமது ஒழுங்கை முனையை நிரந்தர வசிப்பிடமாகவும் கொண்ட பொதுக் குழாயானது, அதனை முன்னின்று அமைப்பித்த காலஞ்சென்ற இன்னார், அதன் திருகை மாற்றிக் கொடுத்த அடியேன், அதில் நீர் அள்ளும் இன்ன இன்ன குடும்பத்தினர் என்று போய்க்கொண்டே இருந்தது. தண்ணீர் நின்றதைக் கடைசி வரியில் வைத்திருந்தேன். தகனக் கிரியை எத்தனை மணிக்கு என்பது கடைசியில்தானே வரும்?

மிஸ் கண்ணைத் திறந்தார். "ஐயா, நான் பம்பலப்பிட்டி தாண்டி, கொள்ளுப்பிட்டி தாண்டி, புறக்கோட்டையில இறங்கி நிக்கிறன். இன்னும் தண்ணி நிண்டது வரேல்லை."

பின்னாலிருந்த பெடியன் ஒருவன், "குழாய்ட எட்டுச் செலவு எப்ப, அங்கிள்?" என்றான். செத்தவீட்டின் எட்டாம் நாள் சடங்கைக் குழாய்க்குக் கேட்டதும் வகுப்பு சிரித்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த, ஹற்றனிலிருந்து வந்து படிக்கிற பிள்ளையும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் உட்காரவில்லை.

"தண்ணி வராத குழாய் செத்ததுதானே, மிஸ்? அதில என்ன பிழை?"

"பிழை இல்லை. ஆனா செத்ததை முதல் சொல்லுங்கோ. பிறகு சொந்தக்காரரைச் சொல்லுவம். திரும்ப எழுதிக்கொண்டு வாங்கோ."

திரும்ப எழுது என்று எனக்கு ஒருவரும் சொல்லி எத்தனையோ வருடம். கடையில் நான் சொல்வது கடைசிச் சொல். எழுதினேன். அடுத்த கிழமையும் திரும்பி வந்தது. முதல் வரியில் தண்ணீர் நின்றுவிட்டது, ஆனால் மிஸ் வேறொன்றைப் பிடித்தார். "ஒழுங்கையே தவிக்குதெண்டு எழுதியிருக்கிறீங்கள். ஆர் சொன்னது?"

"நான் சொல்றன். நான் அங்கதானே இருக்கிறன்."

"நீங்கள் எழுதுறவர். சொல்றவர் வேற ஆள். போய்க் கேட்டுக்கொண்டு வாங்கோ. மறிச்ச ஆக்களிட்டயும் கேக்கவேணும்."

ஹற்றன் பிள்ளையைப் படம் எடுக்கக் கூட்டிக்கொண்டு குழாயடிக்குப் போனேன். முதலாளி காகிதமும் பேனையுமாக வருவதைக் கண்டதும், கிணற்றுக்குப் போகிற வழியில் நின்ற பெண்கள் பகிடி பண்ணத் தொடங்கிவிட்டார்கள். "என்ன முதலாளி, எலக்ஷன் கேக்கப் போறியளோ?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டே சொன்னதைத்தான் நான் இரண்டாம் பந்தியில் வைத்தேன்: "காலமை பிள்ளையைக் குளிப்பாட்டி ஸ்கூலுக்கு விடுறதா, இந்தத் தண்ணிக்குப் பின்னால ஓடுறதா? ஒண்டுக்குத்தான் எனக்கு நேரம் இருக்கு." அதைவிட நல்ல வரியை நான் எழுதியிருக்க முடியாது. ஆர் சொன்னது என்ற கேள்வியின் அருமை அங்கேதான் விளங்கியது. விளங்கிக்கொண்டதும் நான்தான்.

மறித்த ஆட்களிடம் கேட்பதுதான் கரைச்சல். அந்தக் கட்டிடத்துக்குக் குழாயும் பொருத்துச் சாமானும் போனது என் கடையிலிருந்து. அந்த வருடம் எனக்கு அவர்களைவிடப் பெரிய வாடிக்கை இல்லை. சைட் மனேஜர், ஒரு சிங்கள மாத்தயா, கடைக்கு வந்தபோது கேள்வியைக் கேட்டேன். அவர் முதலில் சிரித்தார்.

"முதலாளி, இது உங்கட வேலையா? நீங்க சாமான் குடுங்க, நாங்க கட்டுவோம்."

"லைனை எப்ப திறப்பீங்க? ஒரு பதில் சொல்லுங்க, அதை அப்பிடியே எழுதுவன்."

"எழுதினா இனி ஓடர் வராது, ஹொந்தத?"

நல்லதுதானே என்று சிங்களத்தில் அவர் கேட்டதற்கு நானும் "ஹொந்தாய்" என்றேன். ஓடர் வராது என்றதை எழுதவில்லை. பதில் சொல்ல மறுத்துவிட்டார் என்று மட்டும் எழுதினேன். மிஸ் சொல்லித் தந்த அளவு அதுதான். அதன் பிறகு அவர்கள் என் கடைப் படி ஏறவில்லை.

அந்தச் சனிக்கிழமை மிஸ் கண்ணை மூடிக் கேட்டார். நான் கடைசிப் பந்தி முடிக்கும்வரை திறக்கவில்லை. "ஐயா, நான் இறங்கவேண்டிய இடத்தை விட்டிட்டன்" என்றார். அந்த வகுப்பில் அதற்கு மேலே ஒரு புகழ்ச்சி கிடையாது. பல்கலைக்கழக ஊடகத் துறையின் பத்திரிகையில் முதற்பக்கம் போடப்போவதாகச் சொன்னார். அந்தப் பெருமையில் மனேஜரின் கதையையும், வாடிக்கையை விட்ட கதையையும் சொன்னேன். மிஸ்ஸின் முகம் மாறியது.

"அந்தக் கட்டிடத்துக்கு நீங்களோ சாமான் குடுத்தனீங்கள்?"

"குடுத்தனான். இனி இல்லை."

"இதை முதலே சொல்லியிருக்கவேணும், ஐயா."

"நீங்கள் கேக்கேல்லையே, மிஸ்."

அவர் கோபப்படவில்லை. செய்தியைத் தானே குழாயடிக்கு வந்து ஒவ்வொருவரிடமும் திரும்பக் கேட்டுச் சரிபார்த்தார். ஒரு சொல்லும் மாறவில்லை. ஆனால் என் பெயரை எடுத்துவிட்டார். "உங்கட பேரைப் போட்டா, ஓடர் போன கோவத்தில ஹாட்வெயார்காரர் எழுதினதெண்டு கம்பனி சொல்லும். பிறகு ஒருத்தரும் தண்ணியைப் பற்றிக் கதைக்க மாட்டினம். உங்களைப் பற்றித்தான் கதைப்பினம்."

"கதைக்கட்டும். எரிச்ச கடையைத் திரும்பக் கட்டினவனுக்குக் கதைக்குப் பயமோ?"

"உங்களுக்குப் பயமில்லை. வாளியோட நிக்கிற ஆக்களை யோசியுங்கோ."

எழுதிய தாளை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். செய்தி 'எமது மாணவ நிருபர்' என்று வந்தது. படத்துக்குக் கீழே ஹற்றன் பிள்ளையின் பெயர் இருந்தது. அவள் பத்திரிகையைக் கொண்டு கடைக்கு வந்தாள். "அங்கிள், என் பேரு மட்டும் வந்திருக்கு. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றாள். "நீ எடுத்த படம், உன்ட பேர். அது சரி. மற்றதுதான் சரியில்லை" என்று சொல்லி பிளேன்டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். பெரிய பத்திரிகை ஒன்று செய்தியை எடுத்துப் போட்டது. தண்ணீர்க் கந்தோர் ஆட்கள் வந்து தோண்டினார்கள். மறித்ததைக் கம்பனியே எடுத்துவிட்டது. குழாய் முதலில் காற்றைத் துப்பி, பிறகு சிவப்பாகத் துப்பி, பிறகு ஓடியது. ஒழுங்கையே கைதட்டியது. நானும் தட்டினேன், எனக்கே.

இப்போது ஹற்றன் பிள்ளை அதே துறையில் கற்பிக்கிறாள். என் செய்தியைப் புதுப்பிள்ளைகளுக்கு மாதிரியாகக் கொடுக்கிறார்களாம். எழுதியவர் யார் என்று பிள்ளைகள் கேட்டால், பழைய மாணவர் ஒருவர் என்று சொல்லும்படி ஏற்பாடாம். கேட்டதிலிருந்து எனக்குப் பொறுக்கவில்லை. மிஸ் ஒரு பத்திரிகையில் பெரிய பொறுப்பில் இருக்கிறார். இதை வாசிப்பார். அன்றைக்குச் சொல்லாத மறுமொழியை இன்றைக்குச் சொல்கிறேன்.

மிஸ், நீங்கள் தண்ணீருக்காகச் செய்தது சரி. தண்ணீர் வந்தது. ஆனால் வந்து எவ்வளவு காலம்? கட்டிடத்தில் ஆட்கள் குடியேறி, பல்கனியில் உடுப்புக் காயப் போடுகிறார்கள். இனி யாருடைய வாளிக்கு ஆபத்து? யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத செய்தி அரைச் செய்தி என்று போர்டில் எழுதியது நீங்கள். நான் குழாய் விற்றவன் என்பது வாசகருக்குத் தெரியவேண்டும் என்றால், அதையும் போட்டு என் பெயரையும் போட்டிருக்கலாம். இரண்டையும் அறிந்தபின் நம்புவதா விடுவதா என்று பஸ்ஸில் நிற்கிறவர் முடிவெடுக்கட்டும். பெயரை மறைத்ததால் நான் குழாய் விற்றதும் மறைந்தது, வாடிக்கையை விட்டதும் மறைந்தது. ஒழுங்கையில் யாருடைய மரண அறிவித்தலிலும் நான் ஒரு பெயரை விட்டதில்லை. என் பெயரை மற்றவர்கள் விட நான் விடப்போவதுமில்லை.

ஆகவே துறையின் பத்திரிகையிலும், அந்த மாதிரிப் பிரதியின் தலையிலும் ஒரு திருத்தம் வரவேண்டும். சிரமம் வைக்காமல் நானே எழுதியிருக்கிறேன், நீங்கள் பழக்கிய முறையில்:

கொட்டாஞ்சேனைப் பொதுக் குழாயில் தண்ணீர் நின்ற செய்தியை எழுதியவர், அதே ஒழுங்கையில் ஹாட்வெயார் கடை நடத்தும் முதலாளி. தண்ணீரை மறித்த கட்டிடத்துக்குக் குழாய் விற்றவரும் அவரே. செய்தியை எழுதியதால் அந்த வாடிக்கையை இழந்தார்.

முதலாளி என்று இருக்கும் இடத்தில் என் பெயர் வரவேண்டும். கடைப் பலகையில் மூன்று மொழியிலும் பெரிதாக எழுதியிருக்கிறேன், பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். ஒரு சொல்லையும் வெட்ட வேண்டாம், மிஸ். வெள்ளவத்தையில் ஏறுகிறவர் பம்பலப்பிட்டிக்கு முன்னரே வாசித்து முடித்துவிடுவார்.