வசந்தியின் மூன்று நாள் வேலை

அந்தக் கோப்பை அழித்தவன் நான்தான். தவறுதலாக அல்ல. திறந்து பார்த்து, அறுபத்துநான்கு பக்கங்களும் முழுமையாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, அதன் பிறகே அழித்தேன்!

முகஞ்சுளிக்கிறீர்களா? சுளியுங்கள். உங்கள் இரக்கத்தைக் கேட்டு நான் இதை எழுதவில்லை.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருந்த அச்சகம் அது. இறந்தவர்களுக்கான நினைவு மலர்களே முக்கியத் தொழில். கணினிகள் அனைத்திலும் லினக்ஸ் இயங்குதளம். அவற்றைப் பராமரிப்பவன் நான். பின்னறையில் இருந்த சேர்வர் என்ற மையக் கணினியின் பொதுக் கோப்புறை ஒவ்வொரு கணினியிலும் இணைந்திருக்கும். எல்லோரும் வேலையை அதில்தான் சேமிப்பார்கள்.

வசந்தி தலவாக்கலைத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவள். கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் தங்கியிருந்து, எங்களிடம் பக்கம் வடிவமைத்தாள். அவளை எனக்குப் பிடிக்காது. நான் இரண்டு நாள் மல்லுக்கட்டிய பிரிண்டரை எல்லோர் முன்னிலையிலும் பத்தே நிமிடத்தில் ஓட வைத்தவள்... அதை எப்படி மறப்பேன்?

ஒரு திங்கட்கிழமை காலை, அவள் வருமுன், சேர்வரின் கடவுச்சொல்லை மாற்றினேன். அவளுடைய கணினியில் புதியதைப் பதிய மறந்துபோனேன். வந்து கணினியைப் போட்டதுமே சொன்னாள்.

"சார், பொது போல்டர்ல பழைய பைல் ஒண்ணையும் காணோம். வெறுமையா இருக்கு."

"நீர் உம்மட வேலையைப் பாரும்," என்றேன். எழுந்துகூடப் போகவில்லை.

இணைப்பு அறுந்திருந்தது. கோப்புறை அவள் கணினியில் பெயருக்கு மட்டும், வெற்றுக் கூடாய் நின்றது. மூன்று நாள் அவள் சேமித்தவை யாவும் சேர்வருக்குப் போகாமல் அந்தக் கூட்டுக்குள்ளேயே விழுந்தன.

புதன் பிற்பகல், அச்சிட வேண்டிய நேரத்தில், அவள் செய்துகொண்டிருந்த, ஓர் ஆசிரியையின் நினைவு மலரைச் சேர்வரில் காணவில்லை. நான் அவசரமாக அவள் கணினியில் கடவுச்சொல்லைத் திருத்தினேன். இணைப்பு வந்தது, பழைய கோப்புகள் எல்லாம் வந்தன. வந்தவை, அவள் சேமித்தவற்றை மேலிருந்து மூடி மறைத்துவிட்டன.

வெள்ளிக்கிழமை அந்த ஆசிரியையின் வீட்டில் முப்பத்தோராம் நாள் நினைவு...

"தம்பி, செய்து முடிச்சதெண்டு பிள்ளை சொல்லுது. உண்மையோ?" என்று முதலாளி என்னிடம் கேட்டார்.

"செய்திருந்தா இதுக்குள்ள இருக்கும் அண்ணை. அவ செய்யேல்லை."

"நான் செஞ்சேன் சார்! மூணு நாளா இதே கதிரையிலதான உக்காந்திருந்தேன்..."

முதலாளி என் சொல்லையே எடுத்தார். அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அப்போது எனக்கு உண்மை தெரியாது. இங்கே நிறுத்திவிட்டால் நான் தப்பலாம், இல்லையா? வியாழன் காலை, சந்தேகம் குடைய, இணைப்பைக் கழற்றிப் பார்த்தேன். அடியில் கிடந்தது மலர்! இறந்துபோன ஆசிரியையின் படம், தேவாரம், பிள்ளைகள் எழுதிய கண்ணீர்க் கவிதை... அச்சிட இன்னும் முழுதாய் ஒரு நாள் இருந்தது. என்னுடைய பிழை என்று ஒருமுறை சொல்லியிருந்தால் போதும். ஆனால் திங்கட்கிழமையே அவள் சொன்னாளே, நீ ஏன் எழுந்து போய்ப் பார்க்கவில்லை என்று முதலாளி கேட்பாரே!

அழித்தேன்.

அந்தக் குடும்பத்துக்கு அவசரமாய் அச்சிட்ட நான்கு பக்கத் தாளொன்றைக் கொடுத்தனுப்பினோம். வாங்க வந்த ஆசிரியையின் மகள் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். எடுத்துக்கொண்டு போனாள்.

சில வருடங்கள் கழிந்து, சென்ற மாதம், கொள்ளுப்பிட்டி பஸ் தரிப்பிடத்தில் வசந்தியைக் கண்டேன். நான் முகத்தைத் திருப்பினேன். அவளாகவே வந்து கதைத்தாள். இப்போது வேறோர் அலுவலகத்தில் வேலையாம்.

"அந்தப் பைல் கடைசி வரைக்கும் கெடைக்கலயா சார்?"

நான் பஸ் வரும் திசையைப் பார்த்தேன்.

"எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு சார். செஞ்சேனா, இல்ல செஞ்சதா நெனச்சுக்கிட்டேனான்னு... இப்பல்லாம் வேலை முடிஞ்சதும் ஸ்கிரீனைப் போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கிறேன்."

அவளுக்கு நான் செய்தது என்னவென்று அப்போதுதான் முழுதாய் விளங்கியது. சொல்லியிருக்கலாம்... பஸ் வரவில்லை, நேரம் இருந்தது, அருகில் வேறு யாருமில்லை. இதைவிட நல்ல தருணம் எவனுக்குக் கிடைக்கும்?

"கிடைக்கேல்லை," என்றேன்.

அவள் மெல்லத் தலையாட்டினாள். அதையும் நம்பினாள்.