பக்கவாட்டில் நின்று பார்க்கும் சனி

பெரியப்பா மகன் பிரான்சிலிருந்து தொலைநோக்கி கொண்டுவந்திருக்கிறார் என்று என் மனைவிதான் சொன்னாள். கண்ணாடிக் கடையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன்.

"கம்ப்யூட்டர் வச்சதாம். பட்டனை அமுக்குனா அதுவே திரும்பி கிரகத்தைக் காட்டுமாம். நீங்க வந்து பெட்டியைப் பிரிச்சுத் தரணுமாம். அண்ணன் சொல்லிவிட்டாரு."

சோறு இறங்கவில்லை.

காரணம் இருந்தது. எங்கள் தெருவில் வானத்தைக் காட்டுகிறவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கண்ணாடிக் கடையில் சேர்ந்தவன். பவர் கண்ணாடிகளை ஃபிரேமுக்குத் தக்கபடி கல்லில் தேய்த்துக் கொடுப்பது என் வேலை. விளிம்பு உடைந்து ஒதுக்கிய கண்ணாடி ஒன்றையும், கடிகாரக் கடைக்காரர் கண்ணில் செருகிக்கொள்கிற பழைய லென்ஸ் ஒன்றையும் இரண்டு முனையில் வைத்து, பிளாஸ்டிக் குழாயில் ஒரு தொலைநோக்கி செய்திருந்தேன். நிலாவில் பள்ளம் தெரியும். வியாழனுக்குப் பக்கத்தில் நாலு புள்ளி தெரியும். சனி மட்டும் ஒரு நெல்மணி மாதிரித்தான் தெரியும். நடுவில் உருண்டை, சுற்றி வளையம், இரண்டுக்கும் இடையில் கறுப்பாக வெளி இருக்கும் என்று பத்திரிகையில் படம் பார்த்திருக்கிறேன். அந்த இடைவெளியை ஒரு தடவை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று பத்து வருஷமாக ஆசை. திருநள்ளாறு நாலு மைலில் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் எள் விளக்குப் போட்டு வருகிற வீட்டில் பிறந்தவனுக்கு இந்த ஆசை வந்ததில் வியப்பில்லை.

இனி யார் என் குழாயில் கண் வைப்பார்கள்?

பெரியப்பா மகனுக்கும் எனக்கும் வயதில் இரண்டே வருஷம் வித்தியாசம். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நாள் படித்திருக்கிறோம். பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போன பிறகு, வேண்டுகிறவர்கள் பிரான்சுக் குடியுரிமையை எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று சில மாதம் தவணை கொடுத்தார்கள். பெரியப்பா போய் எழுதிக் கொடுத்தார். என் அப்பா யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் தவணை முடிந்துவிட்டது. அண்ணன் பதினெட்டு வயதில் பிரான்சுப் பட்டாளத்துக்குப் போனார். நான் கல்லில் கண்ணாடி தேய்த்தேன். யோசிக்கிற வியாதி அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது. வேறு சொத்து எதுவும் வரவில்லை.

போனேன். பெட்டி கூடத்தில் இருந்தது, நாலு வயதுப் பிள்ளை உட்காருகிற அளவு. என்னை ஒரு வேலைக்குக் கூப்பிட்டால் முதலில் வருவது பயம். உள்ளே ஏற்கெனவே உடைந்திருந்து, நான் பிரித்ததால்தான் உடைந்தது என்றாகிவிட்டால்? ஆகவே பெட்டியின் ஆறு பக்கத்தையும் எல்லோரையும் பார்க்கவைத்தேன்.

"இந்த மூலை நசுங்கியிருக்கு அண்ணே. நான் வர்றதுக்கு முன்னாடியே நசுங்கியிருக்கு. பெரியம்மா, நீங்களும் பாத்துக்குங்க."

"இவன் ஒருத்தன்! போலீசு மாதிரி சாட்சி வைக்கிறான்," என்றார் பெரியம்மா. "பிரிடா முதல்ல."

அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு இப்ப பத்தரை. மெதுவாவே பிரி தம்பி."

கூடத்துச் சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு. பிரான்சிலிருந்து லீவில் வருகிறவர்களில் பலர் கைக்கடிகாரத்தை இங்கே மாற்றுவதே இல்லை. பெண்டாட்டி வேலைக்குக் கிளம்பியிருப்பாள், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் விட்டிருக்கும் என்று பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். உடம்பு காரைக்காலில், மணி அங்கே. அதிலும் ஒரு மிதப்பு உண்டு என்றே எனக்குத் தோன்றும்.

ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் வைத்தேன். வெள்ளைத் தெர்மாகோல் அதனதன் உருவத்துக்குக் குடைந்திருந்தது. ஈரம் இழுக்கிற சின்னப் பொட்டலங்கள். மூன்று கால். கண் வைக்கிற லென்ஸ்கள் இரண்டு, தனித்தனி டப்பாவில். பட்டன் வைத்த ஒரு கறுப்புப் பெட்டி, சுருள் வயரோடு. கடைசியில் குழாய். குட்டையாக, தடியாக, ஆரஞ்சு நிறத்தில்.

முகப்பு மூடியைக் கழற்றி, டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தேன். கண்ணாடியைச் சோதிப்பது எனக்குச் சோறு போடுகிற வேலை. குமிழி, கீறல், அலை, எது இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. வெளிப்படையாகச் சொல்கிறேன், ஏதாவது இருக்க வேண்டும் என்றுதான் தேடினேன். மயிரிழைக் கீறல் ஒன்று போதும். மூன்று தடவை பார்த்தேன். ஊதா நிறத்தில் ஒரு பூச்சு தெரிந்தது. கண்ணாடி இருப்பதே தெரியவில்லை.

"எப்படி இருக்கு?" என்றார் அண்ணன்.

"ம். பரவால்ல."

பின்பக்கம் கண் வைக்கிற இடத்தில் மடங்கிய குழாய்த் துண்டு ஒன்றைச் செருகினேன். உள்ளே சின்னக் கண்ணாடி. அதனால் தொலைநோக்கி எந்தப் பக்கம் பார்த்தாலும் நாம் பக்கவாட்டில் நின்று குனிந்து பார்க்கலாம். இதைச் சொன்னதும் பெரியம்மாவின் முகம் மாறியது. அவருக்கு ஏழரை நடந்துகொண்டிருந்தது. சனீஸ்வரனுக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது, சன்னதியில் ஓரமாக நின்றுதான் கும்பிட வேண்டும் என்பதில் அவர் உறுதி. அதனாலேயே என் குழாயில் அவர் சனியை ஒருநாளும் பார்த்ததில்லை. அது நேர்க்குழாய்.

"அப்ப இதுல ஓரமா நின்னே பாக்கலாமா?"

"பாக்கலாம் பெரியம்மா."

"எனக்குன்னே செய்யச் சொல்லி வாங்கியாந்திருக்கான் எம்புள்ள!"

நான் அந்தத் துண்டின் திருகை ஒரு சுற்று அதிகமாகவே முறுக்கினேன்.

சாயங்காலம் மொட்டை மாடியில் இருபது பேர். எங்கள் தெரு டாக்ஸிக்காரர் தன் கார் பேட்டரியைக் கழற்றிக் கொடுத்திருந்தார். அதில் வயரை மாட்டியதும் கறுப்புப் பெட்டியில் சிவப்பு எழுத்து எரிந்தது. அண்ணன் பிரெஞ்சுப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துப் பட்டனை அமுக்கினார். பெட்டி முதலில் ஊர் இருக்கும் இடத்தைக் கேட்டது. அட்லஸிலிருந்து குறித்து வைத்திருந்த காரைக்கால் எண்களைக் கொடுத்தார். தேதி கேட்டது, கொடுத்தார். மணி கேட்டது. அண்ணன் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று, ஐந்து, ஒன்று, ஐந்து.

பதினைந்து மணி பதினைந்து நிமிடம். பகல் மூன்றேகால். எங்களுக்கு அப்போது ஆறே முக்கால்.

எனக்கு உடனே புரிந்தது. மூன்றரை மணி நேரத்துக்கு முன்னால் சனி இருந்த இடத்துக்குத்தான் குழாய் திரும்பும். வாய்வரை வந்தது. 'அண்ணே, அது பிரான்சு மணி.' நாலு சொல். சொல்லியிருந்தால் முடிந்தது. ஆனால் பட்டனை அமுக்கிவிட்டு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாரே, அந்தப் பார்வையில் என் வாய் ஒட்டிக்கொண்டது.

மோட்டார் உறுமியது. குழாய் தானாகத் திரும்பியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். திரும்பித் திரும்பி, கிழக்கே தாழ்ந்து, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து நின்றது.

"சனி எங்கேப்பா?" என்றார் பெரியம்மா.

"கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லாதும்மா. தொட்டிக்குப் பின்னாடி இருக்கும்."

"தொட்டில ஓட்டை இருக்கான்னு பாக்குதோ என்னமோ," என்றார் அந்தத் தொட்டிக்குச் சொந்தக்காரர். "இருந்தா சொல்லுங்க, அடைச்சிருவோம்."

மாடியே சிரித்தது. நானும் சிரித்தேன். தென்கிழக்கில் பாதி உயரத்தில், மங்கல் மஞ்சளாகச் சனி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது சனி என்று அந்த மாடியில் தெரிந்தவன் நான் ஒருவன். அண்ணன் கறுப்புப் பெட்டியை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. கையால் திருப்பினால் உள்ளே பல்சக்கரம் போய்விடும் என்று புத்தகத்தில் போட்டிருந்ததாம். எல்லாவற்றையும் அழித்து மறுபடி முதலிலிருந்து கொடுத்தார். மறுபடியும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் தொட்டி.

மறுநாள் தலைவலி என்று நான் போகவில்லை. மனைவி போய்விட்டு வந்தாள்.

"அதே தொட்டிதான். பாவம், அண்ணன் மூஞ்சி செத்துப்போச்சு. திரும்பப் பெட்டியில போட்டுக் கொண்டுபோயிடப் போறாராம்." என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"நான் எட்டாவது படிச்சவன். எனக்கென்ன தெரியும்?"

அன்றைக்கு நான் தூங்கவில்லை. தொலைநோக்கி போய்விட்டால் அந்த இடைவெளியை இனி எந்தப் பிறவியில் பார்ப்பது? நாளைக்குச் சொல்லிவிடலாம். சொன்னால், ஏன் முதல் நாளே சொல்லவில்லை என்பார்கள். அப்போதுதான் தோன்றியது என்றால் நம்புவார்களா? சிரித்தேனே, அதைப் பார்த்திருப்பார்களே? முதல் நாள் நாலு சொல்லில் முடிந்திருக்கும் காரியத்துக்கு இப்போது நாற்பது சொல் வேண்டியிருந்தது.

பிரித்தவன்தான் கட்ட வேண்டும் என்று காலையில் கூப்பிட்டு அனுப்பினார்கள். தெர்மாகோலில் எதெது எங்கே என்று எனக்கு மனப்பாடம். லென்ஸ் டப்பாக்கள், மடங்கிய குழாய், மூன்று கால். கறுப்புப் பெட்டியை மட்டும் கையிலேயே வைத்திருந்தேன். கடைசியில் ஒரு வழி பிடித்தேன். நான் சொல்லாமல், அவரே கண்டுபிடித்தது மாதிரி ஆகட்டும்.

"அண்ணே, உங்க வாட்ச்ல இப்ப மணி எத்தன?"

"ஆறு. உங்க அண்ணி இன்னும் எந்திரிச்சிருக்க மாட்டா."

"இங்க ஒன்பதரை ஆயிருச்சு."

"ஆமா, மூணரை மணி வித்தியாசம்ல," என்றபடி டேப்பை இழுத்துப் பல்லால் கடித்து அறுத்தார். "அதை உள்ள வை தம்பி, ஒட்டணும்."

வைத்தேன். அவர் ஒட்டினார்.

ஐப்பசி மழை பிடிக்கும் முன்பு அவரிடமிருந்து கடிதம் வந்தது. பெரியம்மா என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். பிரான்சுக்குப் போய் வைத்துப் பார்த்தாராம். பட்டனை அமுக்கியதும் நேராகப் போய் நின்றதாம். வளையம் தட்டு மாதிரி தெரிந்ததாம். அங்கே கடிகாரமும் ஊரும் ஒன்றுதானே, நிற்காமல் என்ன செய்யும்? கடைசி வரியில், நம் ஊர் உப்புக் காற்றுதான் இயந்திரத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தார்.

"காத்துமில்ல, உப்புமில்ல," என்றார் பெரியம்மா. "எனக்கு ஏழரை. சனீஸ்வரன் தன்னைக் காட்டுவானா? என்னாலதான் புள்ளைக்கு அவமானம்."

அன்று சாயங்காலம் அவரே என் மாடிக்கு ஏறி வந்தார். குழாயைச் சனிக்குத் திருப்பி வைத்து, வாங்க பெரியம்மா என்றேன். வரவில்லை. நேர் எதிரே நிற்க மாட்டேன் என்று கைப்பிடிச் சுவர் ஓரமாகத் தள்ளி நின்று, கண்ணை மூடிக் கை கூப்பினார்.

"நீயே பாத்துச் சொல்லு. வளையம் தெரியுதா?"

கண் வைத்தேன். நெல்மணி.

"தெரியுது பெரியம்மா."

"தட்டு மாதிரியா?"

"தட்டு மாதிரிதான். நடுவுல இடைவெளி விட்டு."

"அது போதும்," என்றார்.