மதினிக்கு நான் கொடுத்த தண்ணீர்

போன வருடம் மாசி மாதம், வியட்நாமில் மீகாங் ஆற்றின் மேல் போன ஒரு சுற்றுலாப் படகில் நடந்தது இது. நான்கு நாள் பயணத்தில் இரண்டாம் நாள் மதியம். ஊருக்கு வந்த பிறகு யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. எழுத உட்கார்ந்து, பாதியில் கிழித்துப் போட்டு, இப்போது மறுபடியும் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் ராஜபாளையம். கிராம சுகாதார செவிலியராக முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தேவதானம், கூமாப்பட்டி, வ. புதுப்பட்டி என்று மாற்றல் ஆகிப் போன இடத்திலெல்லாம் எனக்கு ஒரே பெயர்தான், நர்சம்மா. அந்த ஊர்களில் நான் அதிகமாகப் பேசியது தண்ணீரைப் பற்றித்தான். மழைக்காலத்தில் குழாயில் கலங்கலாக வர ஆரம்பித்தால் வீடு வீடாக ஏறி இறங்குவேன். "சுட வச்சாப் பத்தாது, தளதளன்னு கொதிக்கணும். கொதிச்ச பொறவும் செத்த நேரம் அடுப்புல இருக்கணும்" என்று ஒரே பாட்டைப் பாடுவேன். வயிற்றுப்போக்கோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்மாரை முதலில் திட்டிவிட்டுத்தான் மருந்தே கொடுப்பேன். "இம்புட்டுச் சொல்லியும் காய்ச்சாம குடுத்தியா?" என்று கேட்டால் அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள். ஏன் காய்ச்சவில்லை என்று பொறுமையாக ஒருத்தியிடமும் கேட்டதில்லை.

மதினி என் கணவரின் அக்கா. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறார். அறுபத்தெட்டு வயது, சர்க்கரை உண்டு, ரத்த அழுத்தமும் உண்டு. என் கணவர் போன பிறகு எனக்குப் பேச்சுத் துணை அவர்தான். அவருடைய மகன் எங்கள் இருவருக்கும் சேர்த்து இந்தச் சுற்றுலாவுக்கு ஏற்பாடு செய்தான். "அத்தை கூட இருந்தா எனக்குக் கவலை இல்ல. அம்மா உடம்பை அவிய பாத்துக்கிடுவாக" என்று எல்லோரிடமும் சொன்னான். மதினியும், "நீ வாரேன்னா நான் எங்க வேணும்னாலும் வாரேன்ட்டி" என்றார். ராமேஸ்வரத்தைத் தாண்டிப் போகாதவர் என்னை நம்பி விமானம் ஏறினார்.

குழுவில் இருபத்து நான்கு பேர். பாதிப் பேர் மதுரை, மீதிப் பேர் விருதுநகர்ப் பக்கம். கூட்டிப்போன வழிகாட்டி மதுரைக்காரர். பல வருடமாக அந்தப் பக்கம் போய்வருவதால் அந்த ஊர்ப் பாஷையும் நன்றாகப் பேசுவார். படகில் ஏறியதும் எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்துச் சொன்னார்: "பாத்ரூம் குழாயில வர்றது ஆத்துத் தண்ணி. லேசா வடிகட்டித்தான் விடுறாங்க. குளிக்க, கை கழுவ மட்டும் வச்சுக்கங்க. பல்லு விளக்கக்கூடப் பாட்டில் தண்ணிதான். ஆளுக்கு ரெண்டு பாட்டில் தினமும் காலையில ரூமுக்கு வந்துரும். பத்தலைன்னா சமையக்கட்டுல இருக்கிற அம்மாகிட்டக் கேளுங்க, குடுப்பாங்க."

சமையலறை வாசலில் ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி நின்றிருந்தார். ஒல்லியான உடம்பு. தன்னைப் பற்றிப் பேச்சு வந்ததும் எங்களைப் பார்த்துக் குனிந்து வணங்கினார்.

"நம்ம கூட ஒரு நர்சம்மாவும் வந்திருக்காங்க" என்று வழிகாட்டி என்னைக் காட்டினார். அவ்வளவுதான், நான் எழுந்துவிட்டேன். மூடி சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் குடிக்க வேண்டும், ஐஸ் போட்டு எதையும் வாங்காதீர்கள் என்று ஒரு சொற்பொழிவே நடத்தினேன். விருதுநகர் அம்மா ஒருவர் மெதுவாக, "ரெண்டு பாட்டில் பத்துமாங்க? எனக்குத் தண்ணி ரொம்பத் தவிக்கும்" என்றார். "பாத்துக் குடிச்சா தாராளமாப் பத்தும். படகுக்குள்ள கிணறா வெட்டி வச்சிருக்காங்க?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மா முகம் சிறுத்துப்போனது. அதை நான் பார்த்தேன். பார்த்தும், என் பேச்சு எடுபட்ட சந்தோஷத்தில்தான் உட்கார்ந்தேன்.

மறுநாள் காலையில் ஆற்றிலேயே படகுகளில் நடக்கும் காய்கறிச் சந்தைக்குப் போனோம். நம் ஊர்ச் சித்திரை வெயில் மாதிரி அடித்தது. திரும்பி வருவதற்குள் எங்கள் நான்கு பாட்டிலும் காலி. மூன்று மணிக்கு மறுபடியும் ஒரு கிராமத்தைப் பார்க்கக் கிளம்ப வேண்டும். மதினி கட்டிலில் சாய்ந்துகொண்டு, "நாக்கு ஒட்டுதுட்டி. ஒரு மடக்குத் தண்ணி குடு" என்றார்.

கீழே போய்க் கேட்டிருந்தால் ஒரு நிமிட வேலை. காலிப் பாட்டிலோடு படி வரைக்கும் போனேன். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து பாட்டுக்குப் பாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அந்த விருதுநகர் அம்மா. அவருக்கு முன்னால் போய் எனக்குத் தண்ணீர் பத்தவில்லை என்று கேட்க வேண்டும். திரும்பி அறைக்கு வந்துவிட்டேன்.

அறையில் டீ போடுவதற்கு ஒரு மின்சாரக் கெட்டில் இருந்தது. பாத்ரூம் குழாயில் தண்ணீர் பிடித்து அதில் ஊற்றி சுவிட்சைப் போட்டேன். லேசாகச் சேற்று வாடை அடித்தது. கொதித்தால் போய்விடும் என்று நினைத்தேன். அதற்குள் கிளம்பச் சொல்லி மணி அடித்தார்கள். மதினி, "எம்புட்டு நேரம்ட்டி?" என்றார். கெட்டில் அப்போதுதான் லேசாகச் சூடேற ஆரம்பித்திருந்தது, இன்னும் கொதிக்கவில்லை. சுவிட்சை அணைத்தேன். அந்தத் தண்ணீரைக் காலிப் பாட்டிலில் ஊற்றி மூடியைத் திருகி மதினியிடம் கொடுத்தேன்.

"என்ன வெதுவெதுன்னு இருக்கு?"

"வெயில்ல கெடந்துச்சுல்லா மதினி" என்றேன்.

மதினி பாதிப் பாட்டில் குடித்தார். மீதியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போய் வழியில் குடித்தார். நான் அதில் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. கிராமத்தில் இறங்கியதும் இளநீர் வாங்கிக் குடித்தேன். மதினிக்குச் சர்க்கரை, இளநீர் வேண்டாம் என்று நானே தடுத்துவிட்டேன். அப்போது இதெல்லாம் இயல்பாகத்தான் தோன்றியது. ஏன் அந்தப் பாட்டிலை நான் தொடவில்லை என்று இப்போது யாராவது கேட்டால் என்னிடம் ஒரு பதில்தான் இருக்கிறது.

மறுநாள் விடிந்ததும் மதினிக்கு வாந்தி ஆரம்பித்தது. பிறகு தண்ணீராகப் போக ஆரம்பித்தது. சீல் வைத்த பாட்டிலைத் திறந்து, கையோடு கொண்டுபோயிருந்த ஓ.ஆர்.எஸ். பொடியைக் கரைத்துக் கொடுத்தேன். ஒன்றும் தங்கவில்லை. பத்து மணிக்குள் கண் உள்ளே போய்விட்டது. கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது. "தலை சுத்துதுட்டி" என்று என் சேலையைப் பிடித்துக்கொண்டார். நாடியைப் பிடித்துப் பார்த்துப் பயந்துவிட்டேன்.

வழிகாட்டி, படகு மேலாளர், எங்கள் குழுவில் பத்துப் பேர் எல்லோரும் அறை வாசலில் நின்றார்கள். "நேத்து சமையக்கட்டு அம்மா வெட்டிக் குடுத்த அன்னாசியா இருக்குமோ?" என்று யாரோ கேட்டார்கள். வழிகாட்டி என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க மேடம். தண்ணியா, பழமா?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"வெட்டி வச்ச பழமா இருக்கலாம்" என்றேன்.

மேலாளர் அந்தப் பெண்மணியை வரவழைத்துக் கேள்வி கேட்டார். அவர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார், பிறகு அழுதார். படகு ஒரு சிறு நகரத்துத் துறையில் நின்றபோது நாங்கள் மதினியை நாற்காலியில் வைத்து இறக்கினோம். எங்களுக்குப் பின்னால் அந்தப் பெண்மணியும் ஒரு துணிப்பையோடு இறங்கினார். அவர் வீடு அங்கிருந்து பக்கம்தானாம். விசாரித்து முடிக்கும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். பெண் டாக்டர் கேட்டதை வழிகாட்டி தமிழில் சொன்னார்: "குழாய்த் தண்ணி, ஆத்துத் தண்ணி ஏதாவது குடிச்சாங்களான்னு கேக்குறாங்க." இதே கேள்வியை எத்தனை ஆயிரம் பேரிடம் நான் கேட்டிருப்பேன். அதற்கு உண்மையான பதில் வந்தால்தான் சரியாக வைத்தியம் பண்ண முடியும் என்பது எனக்குத் தெரியாதா? "இல்ல, பாட்டில் தண்ணி மட்டும்தான்" என்றேன். மதினி கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

சாயங்காலம் அந்தப் பெண்மணி ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். ஒரு கையில் பிளாஸ்க், இன்னொரு கையில் மூடி போட்ட பாத்திரத்தில் அரிசிக் கஞ்சி. டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். மதினியைத் தூக்கி உட்கார வைத்து, கஞ்சியை ஊதி ஊதி நாலு கரண்டி கொடுத்து, வாயைத் துடைத்துவிட்டார். பிளாஸ்க்கைத் திறந்து எனக்கும் ஒரு டம்ளரில் வெந்நீர் ஊற்றினார். ஆவி பறந்தது. பிறகு கட்டில் ஓரத்தில் நின்று தலையைக் குனிந்து ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாங்க?" என்றேன்.

வழிகாட்டி, "தான் வெட்டிக் குடுத்த பழத்தாலதான் இப்படி ஆயிருச்சுன்னு நினைச்சுக்கிட்டு மன்னிப்புக் கேக்குறாங்க மேடம்" என்றார்.

அந்த டம்ளரை என்னால் வாயில் வைக்க முடியவில்லை. கீழே வைத்துவிட்டு, "பழம் இல்ல சார்" என்றேன். குழாய், கெட்டில், அணைத்த சுவிட்ச், வெயிலில் கிடந்த பாட்டில் என்று சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். வழிகாட்டி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்மணியிடம் அவருடைய பாஷையில் அப்படியே திருப்பிச் சொன்னார். நான் கை கூப்பிக்கொண்டு நின்றேன்.

அந்தப் பெண்மணி என் பக்கம் திரும்பினார். ஒரே ஒரு கேள்வி கேட்டார். வழிகாட்டி சொல்லத் தயங்கினார். நான் வற்புறுத்திய பிறகுதான் சொன்னார்.

"நான் இங்க வராம இருந்திருந்தா, சொல்லியிருப்பீங்களான்னு கேக்குறாங்க."

ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் பிளாஸ்க்கை மதினி பக்கத்திலேயே விட்டுவிட்டு, காலிப் பாத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

டாக்டரிடமும் போய்ச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. புதிதாக ஒரு பரிசோதனைக்கு எழுதினார், ஒரு மருந்தை மாற்றினார்.

திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். மதினி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வாயில வச்சதுமே தெரிஞ்சுதுட்டி. சேத்து வாடை அடிச்சுது" என்றார். "நீ குடுக்கியே, தப்பா இருக்காதுன்னு குடிச்சேன்."

படகு அன்று அந்தத் துறையிலேயே நின்றிருந்தது. மதினி தூங்கியதும், குழுவில் ஒருவரைத் துணைக்கு வைத்துவிட்டு நான் வழிகாட்டியோடு படகுக்குப் போனேன். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் சொற்பொழிவு நடத்திய அதே இடத்தில் நின்று சொன்னேன். மேலாளருக்கும் வழிகாட்டி எடுத்துச் சொன்னார். சிலர் தங்கள் முன்னால் இருந்த பாட்டிலை எடுத்து மூடியைப் பார்த்துக்கொண்டார்கள். நான் கிளம்பும்போது விருதுநகர் அம்மா மட்டும் படி வரைக்கும் வந்தார்.

"எங்கிட்டயாவது கேட்டிருக்கலாமேங்க. எங்கிட்ட ஒரு பாட்டில் மிச்சம் இருந்துச்சு" என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

மறுநாள் காலையில் மதினி தெளிந்து எழுந்தார். டாக்டர் போகலாம் என்றார். படகுக்கு வந்தபோது அந்தப் பெண்மணி வேலைக்குத் திரும்பியிருந்தார். மதினியைப் பார்த்துச் சிரித்து, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் உட்கார வைத்தார். எனக்கும் ஒரு பாட்டில் கொண்டுவந்து வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

ஊருக்கு வந்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு மதினியைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் வந்தபடி இருந்தார்கள். "நர்சு கூட இருந்ததால தப்பிச்சீக. இல்லைன்னா அந்நிய தேசத்துல என்ன ஆயிருக்கும்?" என்று ஒருவர் சொன்னார். மதினியின் மகன் எனக்குத் தன் கையால் காப்பி கொண்டுவந்து கொடுத்தான். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். மதினி என் முழங்கையைப் பிடித்து அழுத்தி, "அந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கல, அம்புட்டுத்தான்" என்று பேச்சை முடித்துவிட்டார். முன்பின் தெரியாதவர்கள் முன்னால் ஒத்துக்கொண்டவள், என் சொந்த மனிதர்கள் முன்னால் அந்தக் காப்பியைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

இப்போதும் பக்கத்துக் கிராமங்களில் பெண்கள் கூட்டம் நடந்தால் தண்ணீர் பற்றிப் பேச என்னைக் கூப்பிடுகிறார்கள். போகிறேன். யாரையும் அதட்டுவதில்லை. "நல்ல தண்ணி இல்லைன்னா பக்கத்து வீட்டுல கேளுங்க, கேக்கக் கூச்சப்படாதீக" என்று முடிக்கும்போது என் குரல் இறங்கிவிடுகிறது. ஏன் என்று யாராவது கேட்டால் இந்த முறை சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொண்டு போகிறேன், யாரும் கேட்காததில் உள்ளுக்குள் நிம்மதிப்பட்டுக்கொண்டே பஸ் ஏறி வருகிறேன்.