அப்பா வயிற்றில் ஒரு வெள்ளைக் கோடு

குடல்வால் ஆபரேஷன் முடிந்து மாசக்கணக்காகியும் அப்பாவுக்கு வலது அடிவயிறு சரியாகவில்லை. காய்ச்சல் வரும், போகும். கயத்தாறில் லாரி டயர் கடை வைத்திருக்கிற மனுஷன், டயரைக் கழற்றக் குனிந்தால் அப்படியே உட்கார்ந்துவிடுவார். அம்மா சூடு என்றாள். சித்தப்பா வாயு என்றார். நான் கூகுளில் தேடி, கேன்சர் வரைக்கும் போய்விட்டு, வாயை மூடிக்கொண்டேன்.

ஒருவழியாகக் கோவில்பட்டியில் வேறொரு டாக்டரிடம் காட்டினோம். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எடுத்தவர் ஃபிலிமை வெளியே கொண்டுவந்து ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். வலது பக்கம் மெல்லிசாக, வெள்ளையாக, நூடுல்ஸ் இழை மாதிரி ஒன்று நெளிந்து கிடந்தது.

“அண்ணாச்சி, அரைஞாண் கயித்தக் கழட்டச் சொன்னேம்லா?”

கழற்றிவிட்டேன் என்றார் அப்பா. பச்சைப் பொய். எங்கள் பக்கத்து ஆண்கள் அதைக் கழற்ற மாட்டார்கள்; பிணத்துக்குத்தான் அறுப்பார்கள் என்று பயம். ஆபரேஷனுக்காக அறுத்ததையே, மயக்கம் தெளிந்ததும் முதல் வேலையாகப் புதுசு வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். இப்போதும் லேசாகக் கீழே தள்ளிவிட்டுப் படுத்திருக்கிறார். அம்மா வேட்டியைத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடித்து, அத்தனை பேர் முன்னாடியும் திட்டித் தீர்த்தாள். எக்ஸ்ரேக்காரருக்கு இது தினசரிக் கதை போல. கயிறு விழுந்திருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள் எனச் சிரித்துக்கொண்டே ஃபிலிமைக் கவரில் போட்டார்.

எனக்குத்தான் உறுத்தியது. ஃபிலிமைக் கவரிலிருந்து உருவி மறுபடியும் பார்த்தேன். அப்பா கயிற்றில் வெள்ளித் தாயத்து ஒன்று உண்டு. வெறும் நூலே இவ்வளவு பளிச்சென்று விழுந்தால் வெள்ளி எங்கே போச்சு?

“அண்ணே, கயித்துல கெடக்க தாயத்து படத்துல காணோமே?”

அவர் சிரிப்பு நின்றுபோனது. கயிறே இல்லாமல் இன்னொரு தடவை எடுக்கணும் என்றார். அப்பா பெஞ்சை விட்டு அசையவில்லை. அம்மா என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். கடைசியில் அவராகவே எழுந்து, கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே போனார்.

இரண்டாவது படத்திலும் கோடு அதே இடத்தில் இருந்தது.

படத்தைப் பார்த்ததும் டாக்டர் சொன்னார்: ஆபரேஷனில் ரத்தம் ஒற்றுகிற துணியாம் அது, போன தடவை உள்ளேயே விட்டுத் தைத்துவிட்டார்களாம். உள்ளே தவறிப்போனால் எக்ஸ்ரேயில் தெரியட்டும் என்றே ஒரு இழை சேர்த்துச் செய்கிறார்களாம். தைப்பதற்கு முன்னால் துணிகளை எண்ணுவார்களாம். கோபத்தைவிட எனக்கு ஆச்சரியம்தான் அதிகம். தொலையும் என்று தெரிந்தே ஒரு துணி செய்திருக்கிறார்கள்! அப்படியென்றால் அன்றைக்கு எண்ணியது யார், சரியாக இருக்கிறது என்று சொன்னது யார்? டாக்டரை விடாமல் நோண்டினேன். உள்ளே சீழ் கட்டியிருக்கிறது, முதலில் எடுப்போம்மா என்றார்.

எடுத்தார்கள். அப்பாவுக்கு நினைவு திரும்பியதும் நடந்ததை எல்லாம் சொன்னேன். கண்ணை மூடி யோசித்தார்.

“ஏட்டி, அந்த ஆஸ்பத்திரில அவிய அந்தத் துணியத் தேடிக்கிட்டுல்லா இருந்திருப்பாவ, பாவம்.”

அதுவரைக்கும் அழாமல் இருந்த அம்மாவுக்கு அப்போதுதான் கண் கலங்கியது.

“தேடியிருந்தா நீங்க ஏன் இங்கன கெடக்கீங்க?”