டப்பாவில் விழாத வாஷர்

என் கராஜ் அலமாரியில் ஒரு பழைய காபி டப்பா இருக்கிறது. உள்ளே துருப்பிடித்த ஆணிகள், சோடா பாட்டில் மூடிகள், ஒரு பித்தளைப் பொத்தான், உடைந்த கதவுக் கீல், பாதிக் குதிரை லாடம். டவுன்ஷிப்காரர்கள் பழைய சாமான் எடுக்க வரும் வாரமெல்லாம் என் மனைவி அதைத் தூக்கித் தெருவோரம் வைப்பாள். நான் போய்த் திரும்ப எடுத்து வருவேன். "இந்தக் குப்பைய எதுக்குக் கட்டிக்கிட்டு அழறீங்க?" என்று கேட்பாள். போன மாதம் வரை நான் பதில் சொன்னதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

நான் நியூ ஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு அப்பார்ட்மென்டில் இன்னொருவனோடு அறை பகிர்ந்துகொண்டு இருந்த காலம். என் மேனேஜர் தமிழர், சென்னைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். இந்தப் பக்கத்தில் இன்றைக்கும் அவரைத் தெரியாத தமிழ்க் குடும்பம் கிடையாது. தங்கமான மனுஷன் என்பார்கள். விமான நிலையத்துக்குக் காரெடுத்து வந்து அழைத்துப் போவார், புதிதாக வந்தவனுக்குக் குளிர் ஜாக்கெட் கொடுப்பார், பொங்கலுக்கு வீட்டில் சாப்பாடு போடுவார். எல்லாம் உண்மைதான். எனக்கும் ஜாக்கெட் கொடுத்தார். அதனால்தான் அவரைப் பற்றி நல்லதாக யாராவது பேசினால் எனக்குக் குமட்டுகிறது. முழுக்கக் கெட்டவனாக இருந்திருந்தால் ஒதுங்கிப் போயிருப்பேன்.

அவருடைய பொழுதுபோக்கு பழைய வீடுகளின் தோட்டத்தில் காசு தேடுவது. நீளமான கம்பு, அதன் நுனியில் தட்டு மாதிரி ஒரு வளையம், காதில் ஹெட்ஃபோன். மண்ணுக்கடியில் உலோகம் இருந்தால் சத்தம் வரும். நியூ ஜெர்சியில் இருநூறு வருஷத்துக்கு மேற்பட்ட வீடுகள் நிறைய. அந்தக் காலத்தில் யாரோ பாக்கெட்டிலிருந்து நழுவவிட்ட காசெல்லாம் அங்கே மண்ணில் கிடக்கிறது. வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் தோண்டக் கூடாது. அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். இந்தியக் கடைகள் நிறைந்த ஐசலின் போய் ஒரு டப்பா பாதாம் பர்ஃபி வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சட்டையோடு போய்க் கதவைத் தட்டுவார். கிடைப்பது எதுவானாலும் முதலில் உங்களிடம் காட்டுவேன், பிறகுதான் எடுத்துக்கொள்வேன் என்பார். யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை. மண்வெட்டியும், குப்பை போட ஒரு காபி டப்பாவும் தூக்க நான் போவேன். என் கிரீன் கார்டு அவர் கையில் இருந்தது. அது ஒரே கையெழுத்தில் முடிகிற வேலையில்லை, கட்டத்துக்குக் கட்டம் கம்பெனி ஆம் என்று சொல்ல வேண்டும். ஆம் சொல்லும் வாய் அவருடையது. அவர் சனிக்கிழமை வா என்றால் நான் சனிக்கிழமை போவேன்.

வேலை சுத்தமாகச் செய்வார், அதையும் சொல்ல வேண்டும். புல்லை மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நாலாவது பக்கம் மண்ணோடு ஒட்டியிருக்கும்படி மூடி போலத் திருப்புவார். எடுத்த மண்ணை ஒரு துணிமேல் குவிப்பார். உள்ளதை எடுத்ததும் மண்ணைத் திரும்பப் போட்டு, புல்லை மூடி, காலால் மெதுவாக அழுத்துவார். "தோண்டின எடமே தெரியக் கூடாதுடா. அதான் மரியாதை" என்பார்.

அந்த வீடு எங்கள் அப்பார்ட்மென்டிலிருந்து காரில் பதினைந்து நிமிடம். பலகை வீடு, பின்னால் கல் கட்டிய கிணறு, ஒரு பெரிய மேப்பிள் மரம். கதவைத் திறந்தது எண்பதை நெருங்கிய ஒரு வெள்ளைக்கார அம்மாள். பர்ஃபி டப்பாவை வாங்கிக்கொண்டார், காசு எதுவும் எனக்கு வேண்டாம் என்றார். ஒன்று மட்டும் கேட்டார். முப்பது வருஷத்துக்கு முன்னால் கிணற்றடியில் டியூலிப் கிழங்கு நடும்போது அவருடைய கல்யாண மோதிரம் விரலிலிருந்து நழுவிவிட்டது. அதற்கு முந்தின வாரம்தான் அவருக்கும் கணவருக்கும் பெரிய சண்டை. கோபத்தில் மோதிரத்தைக் கழற்றி எறிந்துவிட்டாள் என்று கணவர் முடிவு கட்டிவிட்டார். அதைப் பற்றி ஒருநாளும் சத்தம் போட்டதில்லை, ஆனால் நம்பவும் இல்லை. இப்போது அவருக்கு நோய் முற்றிவிட்டது. கட்டிலைக் கீழ்த்தளத்தில் பக்கவாட்டு ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். அவர் கண் மூடுவதற்குள் அந்த மோதிரத்தை அவரிடம் காட்ட வேண்டும், அவ்வளவுதான் என்றார் அந்த அம்மாள். மேனேஜர் நெஞ்சில் கை வைத்து, கட்டாயம் தேடித் தருகிறேன் என்றார். எனக்கே கண் கலங்கியது. முட்டாள்.

மூன்று சனிக்கிழமைகள் போனோம். மேப்பிள் மரத்தடியில் பெரிய செப்புக் காசுகள் ஆறு கிடைத்தன, ஒரு பக்கம் குதிரைத் தலை, மறுபக்கம் கேடயம். குதிரைக்குக் கீழே குட்டிக் கலப்பை ஒன்று. பச்சையும் கறுப்புமாகப் பாசி பிடித்தாற்போல் இருந்தாலும் குதிரையின் கண் தெளிவாகத் தெரிந்தது. அந்த அம்மாளிடம் அவர் ஒன்றைத்தான் காட்டினார். மற்ற ஐந்தும் அவர் சட்டைப் பைக்குள் போனதை நான் பார்த்தேன். சரி, காசுதானே, அந்தம்மாதான் வேண்டாம் என்றாரே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது சனிக்கிழமை கிணற்றடிக்குப் போனோம். மே மாதம், வெயில் இதமாக இருந்தது. ஜன்னலுக்குள் கணவர் தலையணையில் சாய்ந்தபடி எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஹெட்ஃபோனைத் தாண்டி எனக்கே கேட்கும்படி மெஷின் ஒருமுறை கத்தியது. மேனேஜர் புல்லைத் திருப்பி, மண்ணுக்குள் விரலை விட்டு எதையோ எடுத்தார். கட்டை விரலால் துடைத்தார். எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"சார், என்ன அது?"

"ஒண்ணுமில்லடா. பித்தளை வாஷர்."

பின்வாசல் படியிலிருந்து அந்த அம்மாள் ஏதாவது கிடைத்ததா என்று கேட்டார். இவர் திரும்பி, சிரித்த முகமாக, "வெறும் வாஷர்தான் மேடம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

குப்பையெல்லாம் டப்பாவுக்குள் போட வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம். ஆணி விழுந்தால் ஒரு சத்தம், மூடி விழுந்தால் ஒரு சத்தம். நான் டப்பாவை நீட்டிக்கொண்டு நின்றேன். எதுவும் விழவில்லை. அவர் குனிந்து புல்லை மூடிக் காலால் அழுத்தினார். கிளம்பும்போது வழக்கம்போல் டப்பாவை அந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டு, மோதிரம் கிடைக்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். காரில் ஏறியதும், நான் எதுவுமே கேட்காதபோது, "உன் கிரீன் கார்டு லெட்டர் என் டேபிள்லதாம்பா இருக்கு. திங்கக்கெழமை பாத்துடறேன்" என்றார். நான் "தேங்க்ஸ் சார்" என்றேன்.

நவராத்திரிக்கு மேனேஜர் வீட்டில் ஆபீஸ் ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டார்கள். ஏழு படிக் கொலு. கலசத்தைச் சுற்றி வட்டமாக அந்த ஆறு காசுகளையும் அடுக்கியிருந்தார்கள். நேற்று வாங்கின பாத்திரம் போலப் பளபளத்தன.

"ஒரே அழுக்குப்பா, பச்சையும் கறுப்புமா" என்றார் மேனேஜரின் மனைவி. நாங்கள் ஆன்ட்டி என்போம். "புளில ஊறவெச்சு, ஸ்க்ரப்பரால ஒரு தேய் தேச்சேன் பாரு, பூஜைச் சொம்பு கெட்டுது போ!"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடி?" என்றார் மேனேஜர். "பழங்காசு சேக்கற ஒருத்தன் வந்து பாத்துட்டுத் தலைல அடிச்சுக்கிட்டான். தேச்ச காச எவனும் தொடமாட்டானாம்."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? அம்பாள் முன்னாடி அழுக்கையா வெக்கச் சொல்வீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒரு காசைக் கையில் எடுத்துப் பார்த்தேன். குதிரைக்குக் கண் இல்லை. முகமே வழுவழுவென்று போயிருந்தது.

ஆன்ட்டி விடவில்லை. "அந்த மோதிரம் ஒண்ணுதான் வீணாப் போகல. உள்ள ஏதோ பேரெல்லாம் வெட்டியிருந்துது. எந்தக் காலத்துல யார் தொலைச்சாளோ! என் பழைய நகையோட சேத்து ஓக் ட்ரீ ரோட் நகைக்கடைல உருக்கக் குடுத்துட்டு, இவளுக்கு இந்தத் தோடு எடுத்தோம். ஏய், இங்க வாடி, அங்கிளுக்குக் காட்டு."

"அம்மா, ஸ்டாப் இட்" என்று சொல்லிவிட்டு அவர்கள் மகள் மாடிக்குப் போய்விட்டாள்.

ஆன்ட்டிக்கு ஒன்றும் தெரியாது. முகத்திலேயே தெரிந்தது. மேனேஜர் என்னைப் பார்த்தார். எழுந்து வந்து என் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி சுண்டல் போட்டார். "சாப்புடுப்பா. அடுத்த வாரம் உன் பேப்பர அனுப்பிடறேன்." பேர் வெட்டிய கல்யாண மோதிரத்தை, சாகக் கிடக்கிற மனுஷன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பைக்குள் போட்டுக்கொண்டு போய் உருக்கியவர். அவர் போட்ட சுண்டலை நான் கடைசிக் கடலை வரை தின்றேன்.

அன்றைக்கு அந்தக் கணவர் உயிரோடு இருந்தார். இதை நான் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் மாறமாட்டேன் என்கிறது. மோதிரம் போய்விட்டது, சரி. ஆனால் கிணற்றடி மண்ணிலிருந்துதான் வந்தது, என் கண்ணெதிரில் எடுத்தார் என்று நான் போய்ச் சொல்லியிருக்கலாம். பதினைந்து நிமிடத் தொலைவு. இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் தெருவில் காரை நிறுத்தி, ஜன்னலில் தெரிந்த கட்டிலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். நான் வாயைத் திறந்தால் என் பேப்பர் நின்றுவிடும், ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். அதைத்தான் நினைத்தேன். வேறெதையும் நினைத்ததாகச் சொன்னால் பொய்.

பனிக்காலத்தில் ஒருநாள் மதியம், ஆபீஸில் டிபன் பாக்ஸைச் சூடு பண்ணிக்கொண்டே மேனேஜர் சொன்னார்: "அந்தக் கெணத்து வீட்டுக் கெழவர் போயிட்டாராம். அந்தம்மா வீட்ட வித்துடுவாங்கன்னு நெனைக்கறேன். புதுசா வர்றவங்ககிட்ட பர்மிஷன் வாங்கணும். கெணத்தடி இன்னும் முழுசாப் பாக்கலயே." சொல்லிவிட்டுத் தயிர்சாதத்தைத் திறந்தார்.

அதற்கு அடுத்த வருஷம் என் கார்டு வந்தது. ஒரு மாதத்தில் வேலையை விட்டேன். விட்ட வாரமே அந்த வீட்டுக்குப் போனேன், கையில் பர்ஃபி டப்பா எதுவும் இல்லாமல். அந்த அம்மாள் வீட்டை விற்றிருக்கவில்லை. என்னை அடையாளம் தெரிந்தது. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், கார்டுக்காகக் காத்திருந்ததையும் சேர்த்து. அவர் எந்த இடம் என்று மட்டும் கேட்டார். கிணற்றடிக்குக் கூட்டிப் போனேன். என்னால் இடத்தைக் காட்ட முடியவில்லை. புல் எங்கும் ஒரே மாதிரி வளர்ந்திருந்தது. அவ்வளவு சுத்தமாக மூடியிருந்தார் அந்த ஆள்.

அந்த அம்மாள் உள்ளே போய் அந்தக் காபி டப்பாவை எடுத்து வந்தார். எங்கள் காசு வேட்டையில் அவருக்குக் கிடைத்த பங்கு அது. அன்றைக்கு நீங்கள் போனதும் இதைச் சமையலறை மேசையில் கொட்டினேன், வாஷர் என்றாரே, அது எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை, ஆனால் உள்ளே வாஷரே இல்லை என்றார். மேனேஜருக்குப் போன் செய்து கேட்டிருக்கிறார். டப்பாவில்தான் போட்டேன், நன்றாகப் பாருங்கள் என்றாராம் மேனேஜர். பிறகு அந்த அம்மாள் கணவரிடம் போய், மோதிரம் கிடைத்துவிட்டது, அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லியிருக்கிறார். அவர் சிரித்தாராம். முப்பது வருஷமாக மோதிரத்தைப் பற்றி இவர் எதைச் சொன்னாலும் சிரிக்கும் அதே சிரிப்பு.

"எனக்கு மோதிரம்கூட வேண்டியிருக்கவில்லை" என்றார் அந்த அம்மாள். "பார்த்தேன் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது." டப்பாவை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். வேகமாகக்கூட இல்லை, மெதுவாக.

போன மாதம் என் மகனின் தமிழ்ப் பள்ளி விழாவுக்கு அந்தப் பழைய மேனேஜர்தான் சிறப்பு விருந்தினர். தலை முழுக்க நரைத்துவிட்டது. கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒட்டிய செப்புக் காசுகளை மேடையில் தூக்கிக் காட்டி, பளபளக்கும் அந்த முகமில்லாத குதிரைகளைக் காட்டி, வரலாற்றை மதிக்க வேண்டும், தோண்டிய இடமே தெரியக் கூடாது என்று பிள்ளைகளிடம் பேசினார். சால்வை போட்டார்கள். கை தட்டினார்கள். நான் எழுந்து, "அதுல ஒரு மோதிரம் இருந்துதே சார், அதைப் பத்தியும் சொல்லுங்க" என்றேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, என்னைத் தெரிந்துகொண்டு, "மோதிரமா? அது வாஷர்ப்பா" என்று சிரித்தார். எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். என் மனைவி என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

வீட்டுக்கு வந்து டப்பாவைக் கராஜ் தரையில் கொட்டினேன். மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன தேடறீங்க?" என்றாள். வாஷர் என்றேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தாள். ஆணி, மூடி, பொத்தான், கீல், லாடம். "வாஷர் எதுவும் இல்லியே" என்றாள். அப்போதுதான் அவளிடம் முழுவதையும் சொன்னேன். பிறகு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டோம். ஒவ்வொன்றும் விழும்போது சத்தம் கேட்டது.